இருட்டு யாருக்கு?

அமாவாசையிலும் நிறம் பிரித்தறியும் கருவண்டு, கரும்புக் காட்டில் நடமாடும் சிறுத்தை, விளக்கு வெளிச்சத்தில் துணையைத் தொலைக்கும் மின்மினி: மனிதனுக்கு இருட்டாகத் தெரிவது மற்ற உயிர்களுக்கு இருட்டே அல்ல என்கிறது புனே மாவட்டத்து இரவு.

புனே நகரிலிருந்து வடமேற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பயணம் செய்தால் பீமாசங்கர். பன்னிரண்டு ஜோதிர்லிங்கத் தலங்களில் ஒன்று. பகலெல்லாம் பக்தர் கூட்டம். பூஜைகள் முடிந்து, கடைசி பஸ்ஸும் மலை இறங்கிய பிறகு, கோயிலைச் சுற்றியுள்ள சஹ்யாத்ரி காட்டில் இன்னொரு வேலை நேரம் தொடங்குகிறது. பட்டுப்போன மரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதிலிருந்து பெரிய கருவண்டு ஒன்று வெளியே வருகிறது. ரீங்காரத்தோடு காட்டுக்குள் மறைகிறது. பூக்களைத் தேடிப் பிடித்து, தேனும் மகரந்தமும் எடுத்துக்கொண்டு, அத்தனை மரங்களுக்கு நடுவே தன் துளையைச் சரியாகக் கண்டுபிடித்து வீடு திரும்புகிறது. வானில் நிலா இல்லை. நட்சத்திரங்கள் மட்டுமே. பக்கத்தில் நிற்கும் மனிதனுக்குத் தன் கைவிரல்கள்கூடத் தெளிவாகத் தெரியாத இருட்டு அது.

வண்டு என்று சொன்னாலும் இது உண்மையில் தேனீ இனம். மரத்தைக் குடைந்து கூடு அமைப்பதால் தச்சுத் தேனீ என்றும் சொல்வார்கள். தேனீக்கள் பொதுவாகப் பகல் பிராணிகள். சூரியன் மறைந்தால் கூட்டுக்குள் அடங்கிவிடும். அந்த வழக்கத்தை உடைத்து, நிலவே இல்லாத இரவிலும் பறக்கும் தேனீ என்று உலக விஞ்ஞானிகள் பீமாசங்கரின் இந்தக் கருவண்டை அடையாளம் கண்டது 2008-ல். பறப்பதோடு நிற்கவில்லை. அந்த இருட்டிலும் அது நிறம் பார்க்கிறது என்றும் நிரூபித்தார்கள்.

தமிழ்நாட்டுப் பெயர்

இந்தத் தேனீக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அதன் விஞ்ஞானப் பெயர் சைலோகோபா ட்ராங்குபாரிகா. ட்ராங்குபார் என்பது தரங்கம்பாடிக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். 1620 முதல் 1845 வரை டென்மார்க்காரர்களின் கையில் இருந்த ஊர். அங்கிருந்து கப்பலேறிப் போன பூச்சிகளுக்கெல்லாம் பெயர் சூட்டிக்கொண்டிருந்தவர் ஃபாப்ரீசியஸ் என்ற டேனிஷ் பூச்சியியலாளர். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கருவண்டுக்கும் ஊர்ப்பெயரையே சூட்டினார். அது இரவில் என்ன செய்கிறது என்பதைக் கண்டுபிடிக்க மேலும் இரண்டு நூற்றாண்டுகள் பிடித்தன.

கண்டுபிடித்த குழுவின் முன்னணியில் இருந்தவர் ஹேமா சோமநாதன். அவருடன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ரெனி போர்ஜஸ், ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் வாரன்ட், அல்மூட் கெல்பர். பீமாசங்கர் காட்டில் மூன்று வகைத் தச்சுத் தேனீக்கள் அடுத்தடுத்து வாழ்கின்றன. ஒன்று வெயிலில் மட்டுமே பறக்கும். இன்னொன்று பெரும்பாலும் பகலில் பறந்து, எப்போதாவது அந்தி நேரத்திலும் தலைகாட்டும். மூன்றாவதுதான் சூரியன் மறைந்த பிறகே வேலைக்குக் கிளம்பும் நமது தரங்கம்பாடிக் கருவண்டு. ஒரே காடு, ஒரே குடும்பம், மூன்று வேலை நேரம். கண்ணை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது.

நிறப் பரிசோதனையின் அடிப்படை எளிமையானது. கூட்டின் வாசலில் குறிப்பிட்ட நிறத்தை அடையாளமாக வைத்துத் தேனீயைப் பழக்க வேண்டும். பிறகு அடையாளங்களை இடம் மாற்றிவிட்டு, இரவில் வீடு திரும்பும் தேனீ எதை நாடுகிறது என்று பார்க்க வேண்டும். கருவண்டு தான் பழகிய நிறத்தையே தேடி வந்தது. அதே வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்கு எல்லா நிறமும் ஒரே சாம்பல்தான்.

தேனீக்கு நிறம் தெரியும் என்பதே ஒரு காலத்தில் சர்ச்சைக்குரியதாக இருந்தது. முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு ஆஸ்திரியரான கார்ல் வான் ஃப்ரிஷ், பலவகைச் சாம்பல் அட்டைகளுக்கு நடுவே ஒரு நீல அட்டையை வைத்து, அதன்மேல் சர்க்கரைப் பாகு ஊற்றித் தேனீக்களைப் பழக்கினார். பாகை எடுத்துவிட்ட பிறகும் அவை நீல அட்டைக்கே வந்தன. வெறும் வெளிச்ச வேறுபாட்டை வைத்துக் கண்டுபிடித்திருந்தால் ஏதோ ஒரு சாம்பல் அட்டையில் ஏமாந்திருக்க வேண்டும். 1973-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். பீமாசங்கரில் நடந்தது அந்தப் பரிசோதனையின் நள்ளிரவு வாரிசு.

பத்துக் கோடி மடங்கு

இது ஏன் வியப்பான செய்தி என்று புரிய, வெளிச்சத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். உச்சி வெயிலோடு ஒப்பிட்டால் பௌர்ணமி நிலா சுமார் நான்கு லட்சம் மடங்கு மங்கல். நட்சத்திர ஒளி மட்டும் உள்ள இரவு ஏறத்தாழ பத்துக் கோடி மடங்கு மங்கல். மனிதக் கண் இந்த வேறுபாட்டைச் சமாளிக்க இரண்டு தனித்தனி ஏற்பாடுகளை வைத்திருக்கிறது.

விழித்திரையில் சுமார் 50 லட்சம் கூம்பு செல்கள். இவை மூன்று வகை. நீலம், பச்சை, சிவப்பு என்று வசதிக்காகச் சொல்லலாம். பகலில் நாம் காணும் வண்ணமெல்லாம் இந்த மூன்றின் கூட்டுக் கணக்கு. இவை தவிர, ஒன்பது கோடி குச்சி செல்கள். இவை மங்கிய வெளிச்சத்துக்கானவை. ஆனால் எல்லாம் ஒரே வகை என்பதால் நிறத்தைப் பிரித்துச் சொல்ல வழியில்லை. வெளிச்சம் குறையக் குறைய கூம்புகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்துகின்றன. ஏறத்தாழ பாதி நிலா அளவு வெளிச்சத்தில் மனிதன் நிறக்குருடனாகிவிடுகிறான். குதிரையும் கிட்டத்தட்ட அதே கட்டத்தில்தான் நிறத்தை இழக்கிறது என்று லுண்ட் பல்கலைக்கழகத்தார் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இதை யாரும் மொட்டை மாடியில் சோதித்துப் பார்க்கலாம். மின்சாரம் போன இரவில் வண்ணப் புடவைகள் காயும் கொடியைப் பாருங்கள். எது வெளிர், எது அடர்த்தி என்று தெரியும். எது பச்சை, எது சிவப்பு என்று தெரியாது. குச்சி செல்கள் முழுத் திறனுக்கு வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவே ஒரு டார்ச் வெளிச்சம் கண்ணில் பட்டால் கணக்கை மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். விழித்திரையின் மையப் பள்ளத்தில் குச்சி செல்களே இல்லை. அதனால்தான் மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைகிறது, சற்று ஓரமாகப் பார்த்தால் தெரிகிறது.

கருவண்டின் பாடு இதைவிடக் கடினம். அதன் கண் ஆயிரக்கணக்கான நுண்வில்லைகள் சேர்ந்த கூட்டுக்கண். பகல் தேனீக்களுக்கு உள்ள அதே அமைப்பு. ஒவ்வொரு வில்லையும் தனக்குக் கீழே உள்ள குழாய்க்கு மட்டுமே வெளிச்சத்தை அனுப்பும். இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் கண்ணில் நூற்றுக்கணக்கான வில்லைகள் வாங்கும் வெளிச்சம் ஒரே புள்ளியில் வந்து குவியும். அந்துப்பூச்சி ஒன்று நட்சத்திர ஒளியில் நிறம் பார்க்கிறது என்று 2002-லேயே கெல்பரும் வாரன்ட்டும் நிரூபித்திருந்தார்கள். பகல் கண்ணை வைத்துக்கொண்டு அதே வித்தையைத் தேனீ செய்வதுதான் புதிர்.

விடை ஓரளவுக்குக் கண்ணிலேயே இருக்கிறது. பகலில் மட்டுமே பறக்கும் சொந்தக்காரத் தேனீயைவிடக் கருவண்டுக்குக் கண் பெரிது, வில்லைகள் அகலம், வெளிச்சத்தை உள்வாங்கும் குழாய்கள் பருமன். தலையுச்சியில் உள்ள மூன்று சிறு கண்களும் பெரியவை. ஆனால் இவையெல்லாம் சேர்ந்தும் பத்துக் கோடி மடங்கு பள்ளத்தை நிரப்ப முடியாது. மீதியை மூளை செய்வதாக விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். மங்கிய வெளிச்சத்தில் புகைப்படக்காரர் கேமராவின் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைப்பதைப் போல, பக்கத்துப் பக்கத்து வில்லைகளின் தகவலைக் கூட்டியும், சற்று நேரம் சேர்த்து வைத்தும் படம் பிடிப்பது. படம் சொரசொரப்பாகத்தான் வரும். வீட்டு வாசலைக் கண்டுபிடிக்க அது போதும்.

இத்தனை சிரமப்பட்டு ஏன் இரவில் பறக்க வேண்டும்? பகலில் பூக்களுக்குப் போட்டி அதிகம். எதிரிகளும் அதிகம். இரவில் கடை திறக்கும் பூக்களுக்கோ வாடிக்கையாளர் குறைவு. பீமாசங்கர் காட்டில் உள்ளூர் மக்கள் வரஸ் என்று சொல்லும் மரம் இரவில் மலர்கிறது. அதற்கு இரவிலேயே மகரந்தச் சேர்க்கை நடத்தி வைப்பது தச்சுத் தேனீக்களில் ஒரு வகை என்று சோமநாதனும் போர்ஜஸும் 2001-ல் எழுதினார்கள். மரம் காய்ப்பதும் காய்க்காமல் போவதும் ஒரு பூச்சியின் இரவுப் பார்வையைப் பொறுத்தது.

யாருக்கு எத்தனை நிறம்

கண் என்பது உலகத்தை உள்ளபடி காட்டும் கண்ணாடி என்ற நினைப்பை விட்டுவிட்டால் மற்ற விலங்குகளின் பார்வை எளிதில் விளங்கும். ஒவ்வொரு கண்ணும் அதன் சொந்தக்காரரின் பிழைப்புக்கு ஏற்றபடி வெட்டித் தைத்த சட்டை. ஒரு பக்கம் துணி கூடினால் இன்னொரு பக்கம் குறையும்.

தேனீக்கும் நமக்கும் மூன்று நிறம்தான். ஆனால் அதன் மூன்று வேறு. புற ஊதா, நீலம், பச்சை. சிவப்பு அதற்குக் கருப்பு. நமக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் சில பூக்களின் நடுவில், தேனீக்கு மட்டும் தெரியும் புற ஊதா வட்டம் 'தேன் இங்கே' என்று வழி காட்டுகிறது. பதிலுக்குத் தேனீ இழப்பது கூர்மையை. மனிதக் கண்ணின் கூர்மையில் நூறில் ஒரு பங்குகூட அதற்கு இல்லை. முகத்துக்கு அருகில் வந்த பிறகே பூ பூவாகத் தெரியும். வேகத்தில் நம்மை வென்றுவிடுகிறது. விநாடிக்கு 24 படங்கள் ஓடினால் நமக்கு அது சினிமா. விநாடிக்கு 200 சிமிட்டல்கள் வரை பிரித்துணரும் தேனீக்கு அது தனித்தனிப் படங்களின் வரிசை.

பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு வகைக் கூம்புகள். நம்மைவிட ஒரு நிறம் அதிகம். பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே இரண்டு. டைனோசார்கள் பகலை ஆண்ட காலத்தில் இரவிலேயே ஒளிந்து திரிந்த மூதாதையர் நிறங்களை இழந்தார்கள் என்பது விஞ்ஞானிகளின் விளக்கம். நாய்க்கும், மாட்டுக்கும், மானுக்கும் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒன்றே. புலியின் ஆரஞ்சு வண்ணம் காட்டுக்குப் பொருந்தவில்லையே என்று நமக்குத் தோன்றும். மானின் கண்ணில் புலி பச்சைப் புதரோடு பச்சையாகக் கரைந்துபோகிறது என்று 2019-ல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

குரங்கினத்தில் ஒரு கிளை, மூன்றாவது நிறத்தை மறுபடி சம்பாதித்தது. பச்சை இலைகளுக்கு நடுவே பழுத்த பழத்தையும் சிவந்த கொழுந்தையும் கண்டுபிடிக்க அது உதவியது என்கிறார்கள். மலைப்பாதைகளில் வாழைப்பழத்துக்குக் கை நீட்டும் குரங்கு நம்மைப் போலவே மூன்று நிறக்காரர். மாம்பழம் பழுத்ததா என்று நாம் நிறத்தை வைத்துச் சொல்வது அந்தப் பூர்வீகச் சொத்து.

சுவரில் இருக்கும் பல்லிக்குக் கதை வேறு. அதன் மூதாதையர் பகல் பல்லிகள். குச்சி செல்களை அவை ஏற்கெனவே தொலைத்திருந்தன. இரவு வாழ்க்கைக்கு மாறியபோது, இருந்த கூம்புகளையே பெரிதாக்கிக் கொண்டன. வட ஆப்பிரிக்கப் பல்லி வகை ஒன்றை 2004-ல் சோதித்தபோது, மங்கிய நிலவொளியில் அது நிறங்களைப் பிரித்தது. அந்த அளவு வெளிச்சத்தில் அதன் நிறப் பார்வை, மனிதனுடையதைவிட 350 மடங்கு நுட்பமானது என்று கணக்கிட்டார்கள்.

ஒளியே தேவையில்லாத பார்வையும் உண்டு. சஹ்யாத்ரி காடுகளில் வாழும் மூங்கில் குழிவிரியனின் கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே ஒரு சிறு குழி. இரையின் உடல் சூட்டை அது உணர்கிறது. அந்தத் தகவல் போய்ச் சேருவது மூளையில் கண்ணின் தகவல் சேரும் அதே பகுதிக்கு. எலி அதற்கு உருவமாகவும் தெரிகிறது, சூடாகவும் தெரிகிறது.

கரும்புக்குள் கண்கள்

இதெல்லாம் வெறும் வியப்பு மட்டுமல்ல என்பதை ஜுன்னர் விவசாயியிடம் கேட்டால் தெரியும். பீமாசங்கரின் வடக்கே, அதே புனே மாவட்டத்தில் இருக்கிறது ஜுன்னர் தாலுகா. குக்கடி பாசனத் திட்டத்தின் அணைகள் வந்த பிறகு வறண்ட நிலங்களில் கரும்பு வந்தது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, மாதக்கணக்கில் யாரும் நுழையாத கரும்பு, சிறுத்தைக்கு நல்ல மறைவிடம். நாயும், ஆடும், பன்றியும் தீனி. கரும்பு வெட்டும்போது குட்டிகள் அகப்படுவது இங்கே வழக்கமான செய்தி. காட்டையே பார்க்காமல் கரும்பிலேயே பிறந்து வளர்ந்த சிறுத்தைகள் இவை. பிடிபட்டவற்றையும் காயம்பட்டவற்றையும் வைத்துப் பராமரிக்க மாணிக்டோஹ் அணைக்கு அருகில் ஒரு மீட்பு மையமே இருக்கிறது.

பூனைக் குடும்பத்தின் கண் இரவுக்காகச் செய்யப்பட்டது. பெரிய விழி, அகலத் திறக்கும் பாவை, குச்சி செல்கள் நிறைந்த விழித்திரை. அதற்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம். முதல் தடவை தப்பிப்போன வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, செல்களுக்கு இரண்டாவது வாய்ப்புத் தருகிறது. ஹெட்லைட் வெளிச்சத்தில் பளபளக்கும் கண்கள் இந்தப் படலத்தின் வேலை. நமக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தால் பூனைக்குப் போதும். இதற்கும் விலை உண்டு. பட்டப்பகலில் பூனையின் பார்வை நம்முடையதைவிடப் பல மடங்கு மங்கல், நிறமும் குறைவு.

அதாவது, நண்பகலில் வயலில் நிற்கும் மனிதனுக்குச் சாதகம். நள்ளிரவில் சிறுத்தைக்குச் சாதகம். ஆனால் விவசாயி வயலுக்குப் போகும் நேரத்தைத் தீர்மானிப்பது அவரல்ல. பம்புசெட்டுக்கு முறை வைத்து மின்சாரம் வருகிறது. இரவில் முறை வந்தால் இரவில் மடை திருப்பப் போக வேண்டும். கையில் ஒரு டார்ச், முழங்கால் அளவு சேறு, இரு பக்கமும் கரும்பு. குனிந்து வேலை செய்யும் மனிதன், சிறுத்தையின் கண்ணுக்கு நான்கு கால் பிராணியின் உயரத்தில்தான் தெரிவான். வயல்களுக்குப் பகலில் மின்சாரம் வேண்டும் என்று இந்தப் பகுதி விவசாயிகள் தொடர்ந்து கேட்பது இதனால்தான். சிறுத்தை எண்ணிக்கை, கூண்டு, நஷ்ட ஈடு என்று பேசப்படும் பிரச்னையின் ஒரு முனை, யாருடைய கண் எந்த நேரத்துக்கு ஏற்றது என்பதில் இருக்கிறது.

கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடுவது விடையாகவில்லை. 2001-ல் ஜுன்னரில் பெரிய அளவில் அது தொடங்கிய பிறகு மனிதர்கள் மீதான தாக்குதல்கள் குறையவில்லை, கூடின என்று வித்யா ஆத்ரேயாவும் அவருடைய சகாக்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

வெளிச்சத்தின் விலை

அப்படியானால் எங்கும் விளக்குப் போட்டுவிட்டால் தீர்ந்ததா? வீட்டு வாசலிலும் மாட்டுத் தொழுவத்திலும் விளக்கு அவசியம். ஆனால் வெளிச்சத்துக்கும் ஒரு விலை உண்டு. அதை முதலில் கொடுப்பவை மின்மினிகள்.

மே கடைசியிலும் ஜூனிலும், பருவமழை இறங்குவதற்கு முன், சஹ்யாத்ரி காட்டு மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் மின்னும். பீமாசங்கர், பண்டார்தரா பக்கமெல்லாம் புனேயிலிருந்தும் மும்பையிலிருந்தும் கார்கள் வரிசை கட்டுகின்றன. மின்மினிக்கு மின்னல் என்பது பேச்சு. ஆண் கேட்கிறது, பெண் பதில் சொல்கிறது. வாழ்நாளில் சில வாரங்களே கிடைக்கும் கல்யாண காலம். பார்க்க வரும் காரின் ஹெட்லைட்டும், செல்போன் டார்ச்சும், கேமராவின் ஃபிளாஷும் அந்தப் பேச்சை மூழ்கடித்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் ஆனைமலை புலிகள் காப்பகத்தில் 2022-ல் லட்சக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னிய செய்தி வந்தபோதும், அங்கே கூட்டம் சேர்ந்துவிடக் கூடாது என்பதே இயற்கை ஆர்வலர்களின் கவலையாக இருந்தது.

விளக்கைச் சுற்றும் பூச்சியின் கதையும் இப்போது மாறியிருக்கிறது. விளக்கின் மேல் மோகம் கொண்டு வந்து விழுவதாகக் கவிஞர்கள் சொன்னார்கள். நிலா என்று நினைத்து ஏமாறுவதாக விஞ்ஞானிகள் சொன்னார்கள். அதிவேகக் கேமராக்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2024-ல் வேறு விடை தந்தது. பறக்கும் பூச்சி, வெளிச்சமான பக்கம் வானம் என்று எடுத்துக்கொண்டு முதுகை அந்தப் பக்கம் திருப்புகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அது சரியாகவே இருந்தது. தெருவிளக்கு வந்ததும், முதுகைத் திருப்பித் திருப்பி அதே இடத்தில் வட்டமடிக்கிறது. அது ஆசையல்ல. வெளியே போக வழி தெரியாத தவிப்பு.

சென்னைக் கடற்கரையில் பொரிந்து வரும் ஆமைக் குஞ்சுகளுக்கும் இதே தொல்லை. வெளிச்சமான தொடுவானம் எதுவோ அதுவே கடல் என்று அவை நகரும். ஊர் விளக்குகள் அவற்றை ரோட்டுப் பக்கம் இழுத்துவிடுகின்றன.

இரைச்சல் இல்லாத இடத்தின் அருமை புனே மாவட்டத்துக்குத் தெரியாததல்ல. சிறுத்தைகள் உலவும் அதே ஜுன்னர் தாலுகாவில், நாராயண்காவ் அருகே கோடத் கிராமத்தில் ராட்சத வானொலித் தொலைநோக்கி நிற்கிறது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள 30 தட்டுகள், 25 கிலோமீட்டர் பரப்பில். எந்த உயிரின் கண்ணும் காணாத வானொலி அலைகளைக் காண மனிதன் செய்துகொண்ட கண். அந்த இடம் தேர்வானதற்கு ஒரு காரணம், மனிதன் உண்டாக்கும் வானொலி இரைச்சல் அங்கே குறைவு என்பது. தொலைநோக்கிக்கு அமைதி வேண்டும் என்று புரிந்துகொண்ட நமக்கு, கருவண்டுக்கு இருட்டு வேண்டும் என்பது புரியாமல் போகக் காரணமில்லை.

தொடக்கம் நடந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில் உள்ள பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024-ல் இந்தியாவின் முதல் 'இருள் வான் பூங்கா'வாக அங்கீகாரம் பெற்றது. காப்பகத்தை ஒட்டிய கிராமங்களில் விளக்குகளை அணைக்கச் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்து எரிந்த விளக்குகளுக்குப் பதிலாக, தரையைப் பார்த்து எரியும் விளக்குகளைப் பொருத்தினார்கள். செலவு பெரிதல்ல. மூடியில்லாத விளக்குக்கு மூடி போடுவது, கூசும் வெள்ளைக்குப் பதில் இதமான மஞ்சள், ஆள் இல்லாத நேரத்தில் அணைப்பது. பீமாசங்கருக்கும் இது பொருந்தும். மலைமேல் கோயிலுக்குப் படிகளில் வெளிச்சம் வேண்டும், பக்கத்து மரங்களின் உச்சியில் வேண்டாம்.

ஜுன்னர் விவசாயிக்குப் பகலில் மின்சாரம், பீமாசங்கர் கருவண்டுக்கு இரவில் இருட்டு. இரண்டும் எதிரெதிர்க் கோரிக்கைகள் போலத் தோன்றலாம். இரண்டும் ஒன்றேதான். அவரவர் கண்ணுக்கு ஏற்ற நேரத்தில் அவரவர் பிழைப்பைப் பார்க்க விடுங்கள் என்பதே அது.

கண்ணைப் பற்றிய கட்டுக்கதைகள்

சிவப்பைக் கண்டால் காளை மிரளும்: மாட்டுக்குச் சிவப்பு தனி நிறமாகத் தெரியாது. மிரட்டுவது துணியின் அசைவும், வீசும் ஆளும்.

நாய்க்கு எல்லாம் கருப்பு வெள்ளை: இல்லை. நீலமும் மஞ்சளும் தெரியும். பச்சைப் புல்லில் சிவப்புப் பந்தைத் தேடத்தான் திணறும். விளையாட நீலப் பந்து வாங்கித் தரலாம்.

கழுகுக்கு மனிதனைவிட எட்டு மடங்கு கூர்மை: அளந்து பார்த்ததில் இரண்டரை மடங்கு வரைதான். அதுவே பெரிய விஷயம்.

ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது: தெரியும். விழியைத்தான் உருட்ட முடியாது. அதற்காகவே கழுத்தைக் கிட்டத்தட்ட 270 டிகிரி திருப்புகிறது.

வௌவால் குருடு: எந்த வௌவாலும் குருடல்ல. மாந்தோப்புக்கு வரும் பெரிய பழந்தின்னி வௌவால், கண்ணையும் மூக்கையும் நம்பியே பறக்கிறது.

நிற வகை கூடினால் பார்வை சிறக்கும்: கடலில் வாழும் மாண்டிஸ் இறாலுக்கு நிறம் உணரும் செல்கள் பன்னிரண்டு வகை. ஆனால் நெருங்கிய நிறங்களைப் பிரித்தறிவதில் மூன்றே வகை வைத்திருக்கும் மனிதனிடம் அது தோற்றுப்போகிறது என்று 2014-ல் தெரியவந்தது.